நிவாரணப் பட்டியலில் உள்ள பெயர் காணிப் பத்திரத்தில் ஏன் இல்லை?

இடம்பெயர்ந்து வாழ்ந்தவர்களான எமக்குப் பட்டியல்கள் புதியவையல்ல. உலர் உணவுக்கு ஒரு பட்டியல், படங்குக்கும் பாய்க்கும் ஒரு பட்டியல், மீள்குடியேற்றத்துக்கு ஒன்று, வீட்டுத் திட்டத்துக்கு இன்னொன்று என எமது வாழ்வின் பெரும்பகுதி கிராம அலுவலரின் பதிவேட்டுக்குள்ளேயே கழிந்திருக்கிறது. இப்பட்டியல்களைச் சற்றுக் கவனித்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். குடும்பத்தில் கால் இழந்தவரோ, கண்பார்வை இல்லாதவரோ, காது கேளாதவரோ இருந்தால், உதவி கேட்கும் விண்ணப்பங்களில் அவரது பெயர் மறவாமல் எழுதப்படுகிறது. ஆனால் காணி அனுமதிப்பத்திரத்தில் பின்னுரித்தாளரின் பெயரைப் பதியும் நாளில் அதே பெயர் விடுபட்டுப் போகிறது. கமக்காரர் அமைப்பில் அங்கத்தவர்களைச் சேர்க்கும் நாளிலும், பாடசாலையில் பிள்ளைகளைச் சேர்க்கும் நாளிலும் அவ்வாறே விடுபடுகிறது.

உதவி வாங்குவதற்குப் பெயர் வேண்டும், உரித்துக்கு அப்பெயர் வேண்டாம் என்ற இந்த வழக்கத்தைப் பெரும் அநீதி என்றே நாம் கருதுகிறோம். அரசும் திணைக்களங்களும் செய்ய வேண்டியவை பல உள்ளன. அவற்றைக் கேட்க எமக்கு உரிமையும் உண்டு. ஆயினும் எவரிடமும் கையேந்தாமல், எமது வீட்டுக்குள்ளும் எமது சங்கங்களுக்குள்ளும் திருத்திக்கொள்ளக்கூடிய ஒன்றைப் பற்றியே இங்கு முதலில் பேச விரும்புகிறோம்.

இவர்கள் யார்?

2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி, இலங்கையில் 5 வயதும் அதற்கு மேற்பட்டோருமான மக்களுள் 16 இலட்சத்துக்கும் அதிகமானோர் பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவில் வைத்தல், தம்மைத் தாமே பராமரித்தல், பிறருடன் தொடர்பாடல் ஆகியவற்றுள் ஒன்றிலேனும் சிரமம் உடையவர்களாக இருந்தனர். இது 8.7 சதவீதமாகும். ஏறக்குறைய பன்னிரண்டு பேருக்கு ஒருவர் என்று கொள்ளலாம்.

எமது பிரதேசங்களில் 2009 மே மாதம் வரை நீடித்த போர் இத்தொகையைக் கூட்டியது என்பதை எவரும் எமக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. எறிகணையும் கண்ணிவெடியும் எம்மில் எத்தனையோ பேரின் கால்களையும் கண்களையும் பறித்தன. ஆனால் போர் மட்டும் காரணமல்ல. பனையிலும் தென்னையிலும் இருந்து விழுந்து முள்ளந்தண்டு முறிந்தவர்கள் இருக்கிறார்கள். நீரிழிவினால் புண் ஆறாமல் கால் அகற்றப்பட்டவர்கள் இருக்கிறார்கள். பாரிசவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்தவர்கள் இருக்கிறார்கள். இலங்கையில் 1993ஆம் ஆண்டுக்குப் பின்னர் இளம்பிள்ளைவாத நோயாளர் எவரும் பதிவாகவில்லை. ஆனால் அதற்கு முன்னர் அந்நோயால் கால் சூம்பிய பிள்ளைகள் இன்று நடுத்தர வயதினராக எம்மிடையே வாழ்கின்றனர். முதுமை வந்தால் நம்மில் பலருக்கும் கண் மங்கும், காது மந்தமாகும், முழங்கால் மடங்காது. ஆகவே இது யாரோ சிலருடைய பிரச்சினை அல்ல.

இவர்களைக் குறிக்கும் சொற்கள் காலத்துக்குக் காலம் மாறி வந்துள்ளன. அங்கவீனர் என்றனர், வலது குறைந்தோர் என்றனர், வலுவிழந்தோர் என்றனர், இன்று மாற்றுத்திறனாளிகள் என்கின்றனர். சொல் மாறியது நல்லதே. ஆனால் கூட்டங்களில் மாற்றுத்திறனாளி என்று மரியாதையாகப் பேசிவிட்டு, ஒழுங்கைக்கு வந்ததும் "நொண்டியற்ற வீடு", "அந்தச் செவிடன்" என்று அடையாளம் சொல்லும் பழக்கம் இன்னும் எம்மிடம் இருக்கிறது. பெற்றோர் ஆசையோடு வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அப்பெயரால் அவரை அழைப்பதற்கு எந்தச் சட்டமும் எந்த நிதியும் தேவையில்லை.

இடப்பெயர்வு பறித்தவை

வீடு, வளவு, மாடு, விதைநெல் என்று இடப்பெயர்வில் நாம் இழந்தவற்றை நாம் எண்ணி வைத்திருக்கிறோம். மாற்றுத்திறனாளிகள் இவற்றுடன் வேறொன்றையும் இழந்தனர். சொந்த ஊரில் பார்வையற்ற ஒருவருக்குப் படலையில் இருந்து கிணற்றடிக்கு எத்தனை அடி என்று தெரியும். வேப்பமரம் எந்தப் பக்கம், வேலிப்பொட்டு எங்கே, எதிரே வருபவர் யார் என்பதெல்லாம் தெரியும். ஒரே மாதிரியான கூடாரங்கள் வரிசை வரிசையாக நிற்கும் முகாமில் அவருடைய அறிவு முழுவதும் பயனற்றுப் போயிற்று. தன் காலால் நடமாடியவர் பிறர் கைபிடித்து நடக்க வேண்டியவரானார்.

1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோதும், 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னியில் ஊர் ஊராக ஓடியபோதும் நடக்க இயலாதவர்களைச் சைக்கிளிலும் கதிரையிலும் தோளிலும் வைத்துச் சுமந்தோம். சுமந்தவர்களின் அன்பை எவரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் ஊன்றுகோலும், செயற்கைக் காலும், காதுக் கருவியும் வழியிலே தவறிப்போயின. செட்டிகுளம் மெனிக்பாம் போன்ற முகாம்களில் மலசலகூடத்துக்கு வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. தவழ்ந்து செல்பவருக்கு அந்த ஈரத்தரை எவ்வளவு அவமானத்தைத் தந்திருக்கும் என்பதை நாம் சிந்திக்க வேண்டும். மெனிக்பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. ஆனால் அங்கே கற்ற பாடம் வீட்டுத் திட்டங்களில் பின்பற்றப்பட்டதா? மழைவெள்ளத்துக்குப் பயந்து அத்திவாரத்தை உயர்த்திக் கட்டினோம். அது சரியே. அந்த உயரத்துக்கு மூன்று படி வைத்தோம். சாய்வுத் தளம் வைக்க நினைத்தவர்கள் மிகச் சிலர். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளத்தில் சாய்வு வைத்தால் சில்லு நாற்காலி ஏறும், பாட்டியும் ஏறுவார், நெல் மூட்டை ஏற்றிய சைக்கிளும் ஏறும்.

"இயலாது" என்று சொல்வது யார்?

1996ஆம் ஆண்டில் இலங்கைப் பாராளுமன்றம் 28ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் வலுவிழந்த ஆட்களின் உரிமைகளைப் பாதுகாக்க முன்வந்தது. ஆனால் அச்சட்டம், உடல் அல்லது உளக் குறைபாடு காரணமாகத் தன் வாழ்க்கைத் தேவைகளை முழுமையாகவோ பகுதியாகவோ தானே நிறைவேற்றிக்கொள்ள இயலாதவர் என்றே இவர்களை வரையறுத்தது. பத்து ஆண்டுகளின் பின்னர், 2006 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட சமவாயம் வேறு விதமாகப் பார்க்கிறது. ஒருவரது குறைபாடும், அவரைச் சூழவுள்ள மக்களின் மனப்பாங்கும், சூழலிலுள்ள தடைகளும் ஒன்று சேரும்போதே அவர் மற்றவர்களோடு சமமாகப் பங்குகொள்ள முடியாதவர் ஆகிறார் என்று அது கூறுகிறது. இலங்கை இச்சமவாயத்தில் 2007இல் கைச்சாத்திட்டு, 2016 பெப்ரவரியில் அதனை ஏற்புறுதி செய்தது.

இவ்விரு பார்வைகளுக்கும் உள்ள வேறுபாடு கமக்காரர்களான எமக்கு இலகுவில் விளங்கும். பயிர் வாடினால் விதையை மாத்திரம் நாம் குறை கூறுவதில்லை. மண்ணைப் பார்க்கிறோம், தண்ணீரைப் பார்க்கிறோம். மனிதரிடத்தில் மட்டும் ஏன் இதை மறக்கிறோம்?

கால் இழந்தவர் வயலில் இறங்க இயலாது என்பது பலரது எண்ணம். 1960களின் பிற்பகுதியில் இந்தியாவின் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் வைத்தியர் பி. கே. சேத்தியும் உருவாக்கிய ஜெய்ப்பூர் கால், எம்மைப் போல வெறுங்காலுடன் நடந்து, குந்தியிருந்து, ஈரநிலத்தில் வேலை செய்யும் மக்களை மனத்திற் கொண்டே செய்யப்பட்டது. யாழ்ப்பாணத்திலும் போர்க்காலத்திலேயே இக்கால்கள் செய்து பொருத்தப்பட்டன. ஒருமுறை பொருத்தியதும் காரியம் முடிந்துவிடுவதில்லை. எஞ்சிய காற்பகுதியின் பருமன் மாறும். செயற்கைக் கால் தேயும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதியது வேண்டும். வளரும் பிள்ளைக்கு இன்னும் விரைவாக வேண்டும். பொருந்தாத காலைச் சுவரில் சாத்திவிட்டு "அவருக்குச் சரிவராது" என்று முடிவு செய்யும் வீடுகள் உள்ளன. சரிவராதது கால், அதை மாற்றலாம்.

துலாவில் தண்ணீர் அள்ள முடியாதவர் சிறு நீர்ப்பம்பியும் குழாயும் இருந்தால் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவார். இடுப்பளவு உயரத்தில் மேடை கட்டி எரு நிரப்பினால், சில்லு நாற்காலியில் இருந்தவாறே கத்தரியும் மிளகாயும் கீரையும் பயிரிடலாம். வீட்டில் இருந்து கிணற்றடிக்கும் ஆட்டுக் கொட்டிலுக்கும் ஒரு கயிறு கட்டிவிட்டால் பார்வையற்றவர் துணையின்றிப் போய் வருவார். உண்மையில் இவர்களிற் பலர் இப்போதும் உழைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். விதைக் கச்சான் உடைப்பதும், உழுந்து பயறு தெரிவதும், வெங்காயம் பிடி கட்டுவதும், மிளகாய்க் காம்பு எடுப்பதும், கோழி ஆடு பார்ப்பதும் பல வீடுகளில் இவர்களது வேலை. ஆனால் அது வேலையாகக் கணக்கிடப்படுவதில்லை. விற்ற காசு வரும்போது அவரது கைக்கு எதுவும் போவதில்லை. "அவருக்கு என்ன செலவு?" என்று கேட்கிறோம். செலவு செய்வதற்குக் காசு இருந்தால் அல்லவா செலவு தெரியும்!

காணியும் பெயரும்

இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற குடியேற்றத் திட்டங்களிலும் வேறு பல இடங்களிலும் எம்மிற் பலரின் காணிகள் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் உள்ளவை. அனுமதிப்பத்திரக்காரர் தமக்குப் பின் காணி யாருக்கு என்று பின்னுரித்தாளரைப் பெயர் குறித்துப் பிரதேச செயலகத்தில் பதிவு செய்யலாம். மாற்றுத்திறனாளியான பிள்ளையைப் பெயர் குறிக்கக் கூடாது என்று அச்சட்டம் எங்கும் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது எமது வழக்கமே. பின்னுரித்தாளர் பெயர் குறிக்கப்படாதவிடத்து ஆண்பிள்ளைக்கு முதலிடம் தந்த ஒழுங்கு 2022இல் திருத்தப்பட்டு, ஆண் பெண் பேதம் நீக்கப்பட்டது. பெண்பிள்ளைகளுக்காகச் சட்டமே மாறியிருக்கும்போது, இப்பிள்ளைகளுக்காக எமது மனம் மாற முடியாதா? சொத்தை உடைமையாக வைத்திருக்கவும், வாரிசுரிமையாகப் பெறவும், தம் பணத்தைத் தாமே கையாளவும் மாற்றுத்திறனாளிகளுக்குச் சமவுரிமை உண்டு என்று ஐ.நா. சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை தெளிவாகக் கூறுகிறது.

பெற்றோர் சொல்லும் காரணங்களை நாம் அறிவோம். அவற்றை அலட்சியம் செய்யவும் மாட்டோம்.

"அவனுக்கு என்ன குறை? நாங்கள் பார்க்கிறோம்தானே" என்பார்கள். பெற்றோர் இருக்கும்வரை குறை இல்லாதிருக்கலாம். அதற்குப் பிறகு அவர் சகோதரரின் வீட்டில், மைத்துனியின் கையால், கேட்டு உண்பவராகிறார். சகோதரர் நல்லவராக இருந்தாலும், தன் காணியில் இருந்து உண்பதற்கும் பிறர் தயவில் உண்பதற்கும் உள்ள வேறுபாட்டை, பத்து ஆண்டுகள் வரிசையில் நின்று உண்ட எமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

"அவள் பெயரில் எழுதினால் யாராவது ஏமாற்றி எடுத்துவிடுவார்கள்" என்பார்கள். இது நியாயமான பயம். ஆனால் அனுமதிப்பத்திரக் காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதமின்றி எவரும் சட்டப்படி கைமாற்ற முடியாது. இந்தப் பாதுகாப்பு எல்லோருக்கும் பொதுவானது. ஏமாற்றுவார்கள் என்பதற்காக உரித்தையே கொடாமல் விடுவது, கள்ளனுக்குப் பயந்து விதைக்காமல் விடுவதற்கு ஒப்பாகும்.

"அவரால் தனியே கமம் செய்ய முடியாது" என்பார்கள். எம்மில் யார் தனியே கமம் செய்கிறோம்? உழவுக்கு உழவு இயந்திரக்காரர் வருகிறார். அருவி வெட்ட இயந்திரம் வருகிறது. குத்தகைக்கும் வாரத்துக்கும் கொடுக்கிறோம். காணி யாருடைய பெயரில் இருக்கிறதோ அவருடைய பெயரே கமநல சேவை நிலையத்துக்கும் வங்கிக்கும் போகிறது. பெயரில்லாதவருக்கு உர மானியமும் இல்லை, கடனும் இல்லை, கூட்டத்தில் எழுந்து பேச ஓர் இடமும் இல்லை.

எல்லாக் குடும்பங்களிலும் முழுக் காணியையும் இவர்களுக்கே எழுத வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. பிள்ளைகள் பலர் இருக்கலாம்; காணி சிறிதாக இருக்கலாம். ஆனால் பங்கு பிரிக்கும்போது இவரையும் பங்காளியாக அழைத்து, அவரிடம் கேட்டு, அவருக்குரியதை எழுத்தில் வைக்க வேண்டும். வீட்டுக்காணியாக இருக்கலாம், இரண்டு பசுவாக இருக்கலாம், அவரது சொந்தப் பெயரில் ஒரு வங்கிப் புத்தகமாக இருக்கலாம். மாற்றுத்திறனாளியான பெண்பிள்ளைகள் விடயத்தில் இது இன்னும் அவசரமானது. விருந்தினர் வரும்போது உள்ளறைக்கு அனுப்பப்படும் அப்பெண்ணுக்கு நிலமும் பணமும் இல்லாவிட்டால், தீங்கு செய்பவனை எதிர்த்துச் சொல்ல வாய் எழாது.

கொடுப்பதிலும் மரியாதை வேண்டும்

உதவி வழங்கும் நிறுவனங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறோம். சில்லு நாற்காலி கையளிக்கும் வைபவத்தில் அதைப் பெறுபவரை மேடையில் இருத்தி, மாலை போட்டவர்கள் சூழ நின்று படம் எடுக்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். தன் துன்பத்தைக் காட்டித்தான் ஒரு பொருளைப் பெற வேண்டுமென்றால் அது உதவியாகாது. அத்துடன் நாற்காலி அவரது உடல் அளவுக்குப் பொருந்துகிறதா, எமது மணல் ஒழுங்கையில் அது ஓடுமா என்று முதலில் கேட்க வேண்டும். தூரம் போக வேண்டியவருக்குக் கையால் மிதிக்கும் முச்சில்லுச் சைக்கிள் கூடிய பயன் தரும். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவருக்கு நல்ல மெத்தையணை இல்லாமல் நாற்காலி மட்டும் கொடுத்தால் படுக்கைப்புண் வரும். அப்புண் உயிரையும் வாங்கும். என்ன வேண்டும் என்று அவரையே கேட்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.

சட்டம் எமக்குத் தருவது

1996ஆம் ஆண்டின் சட்டம், குறைபாட்டைக் காரணம் காட்டி வேலைக்கு எடுப்பதிலோ கல்வி நிலையத்தில் சேர்ப்பதிலோ பாரபட்சம் காட்டக் கூடாது என்றும், பொதுமக்கள் செல்லக்கூடிய எந்தக் கட்டடத்துக்கும் செல்வதைத் தடுக்கக் கூடாது என்றும் கூறுகிறது. மீறப்பட்டால் மாகாண மேல் நீதிமன்றத்தை நாடலாம். அரச துறை வேலைகளில் 3 சதவீதத்தை இவர்களுக்கு ஒதுக்குமாறு 1988ஆம் ஆண்டிலேயே சுற்றறிக்கை வெளியிடப்பட்டது. பொதுக் கட்டடங்களுக்கான அணுகுவசதி ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. அவை நடைமுறைப்படுத்தப்படாததைக் கண்டு, சில்லு நாற்காலியில் வாழ்ந்தவரான கலாநிதி அஜித் பெரேரா உயர் நீதிமன்றம் சென்றார். 2011 ஏப்ரலில் அவருக்குச் சார்பாகத் தீர்ப்புக் கிடைத்தது. தேர்தலில் துணையாளர் ஒருவருடன் சென்று வாக்களிக்கவும் 2011இல் சட்டம் இடமளித்தது. 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்ற விதியில் இப்பிள்ளைகளுக்கு விலக்கு இல்லை. பரீட்சைகளில் மேலதிக நேரமும் எழுதுவதற்கு உதவியாளரும் கேட்டுப் பெறலாம்.

சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. பிரதேச செயலகத்தின் படியோ அப்படியே இருக்கிறது என்று சிலர் சலித்துக்கொள்கின்றனர். அது உண்மையே. ஆனால் தீர்ப்பைப் பெற்றுத் தந்தவர் ஒரு தனி மனிதர். ஒரு சங்கமாக நாம் எழுதிக் கேட்டால் பதில் சொல்லாமல் இருப்பது அவ்வளவு இலகுவல்ல.

நாம் இன்றே செய்யக்கூடியவை

1. எமது கிராமத்தில் அடையாள அட்டை இல்லாத மாற்றுத்திறனாளிகள் உள்ளனரா என்று பார்ப்போம். "இவருக்கு எதற்கு?" என்று எடுக்காமல் விடப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அது இல்லாமல் வங்கிப் புத்தகமும் இல்லை, அரச கொடுப்பனவும் இல்லை, வாக்கும் இல்லை.

2. அவருக்கு வரும் மாதாந்தக் கொடுப்பனவை வேறொருவர் எடுத்து வந்தாலும், எவ்வளவு வந்தது என்று அவருக்குச் சொல்லி, அவர் விருப்பப்படி செலவு செய்வோம்.

3. அடுத்த கூட்டத்தில் அவர்களைக் கமக்காரர் அமைப்பிலும் மாதர் சங்கத்திலும் சேர்ப்போம். அவர்கள் வந்து சேரக்கூடிய இடத்தில் கூட்டத்தை வைப்போம். காது கேளாதவருக்காக ஒருவர் அருகிருந்து எழுதியோ சைகையாலோ விளக்கட்டும்.

4. வாசிகசாலை, கோயில், ஆலயம், பாடசாலை, கூட்டுறவுச் சங்கக் கடை ஆகியவற்றின் வாசலில் ஒரு சாய்வுத் தளம் போடுவோம். இரண்டு மூட்டை சீமெந்தும் ஒரு நாள் சிரமதானமும் பல இடங்களில் போதுமானவை.

5. அனுமதிப்பத்திரத்தை எடுத்துப் பின்னுரித்தாளர் யார் என்று பார்ப்போம். குடும்பமாக இருந்து, மாற்றுத்திறனாளியான பிள்ளையையும் கூட வைத்துப் பேசி முடிவெடுப்போம். சந்தேகம் இருந்தால் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவிலோ, வறியோருக்கு இலவசமாக உதவும் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்திலோ கேட்போம்.

எமது காணியை எமக்குத் திருப்பித் தாருங்கள் என்று நாம் ஆண்டுக்கணக்காகக் கேட்டு வந்தோம். சிலர் பெற்றுக்கொண்டோம், சிலர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். சொந்த நிலம் இல்லாதவனுக்கு மரியாதை இல்லை என்பதை அனுபவத்தில் கண்டதாலேயே கேட்டோம். எமது வீட்டுக்குள்ளே இருக்கும் ஒருவருக்கும் அதே நியாயம் பொருந்தும். அவர் வாய் திறந்து கேட்கும்வரை காத்திராமல், வரும் காலபோகத்துக்கு முன்னர் அவரது பெயரை உரிய இடத்தில் எழுதுவோம்.